ரெண்டு ஆட்டம் ஆடிய கோபாலன்

(மெக்கானிக்கல், 2006–2010 பேட்ச்)

சங்கச் செயலாளர் போன் பண்ணி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். ஹாஸ்டல் சாம்பார், மழைக்கு ஒழுகிய டிராயிங் ஹால், ராகிங் கதை எதுவும் வேண்டாம், அதெல்லாம் ஏற்கெனவே பதினோரு பேர் எழுதிக் கொடுத்தாச்சு என்று எச்சரிக்கையும் செய்தார். எனக்கு எழுத வருவது கம்ப்ரஸர் பழுது ரிப்போர்ட் ஒன்றுதான். அதை நீங்கள் படிக்கப் போவதில்லை. அதனால் ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கும் நம் உளுந்தூர்பேட்டைக்கும் சம்பந்தம் கிடையாது. எனக்கும் அவருக்கும் மட்டும் ஒரு பழைய கணக்கு உண்டு.

2009 சிம்போசியத்தில் நடந்த க்விஸ் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. அப்போது நாம் விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019ல்தான். செமினார் ஹாலில் ஃபேன் ஓடவில்லை. நான்கு அணி. கடைசிச் சுற்று விளையாட்டு. நானும் இரண்டு டிபார்ட்மெண்ட் தோழர்களும் ஒரு மேஜையில்.

அந்தச் சுற்றுக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். காரணம் என் சித்தப்பா. அவர் ஒரு நீள நோட்டில் விளையாட்டுத் துணுக்குகளை வெட்டி கோதுமைப் பசை போட்டு ஒட்டி வைப்பார். பாதிக்கு மேல் அமெரிக்கக்காரர்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ரெண்டு தங்கம் வாங்கிய ஜிம் தோர்ப், அதற்கு முன்னால் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்று மறு வருஷமே தங்கத்தைப் பிடுங்கிக்கொண்டது. 1932ல் ஓட்டப் போட்டியும் ஈட்டியும் ஜெயித்துவிட்டுப் பிறகு கோல்ஃபில் ராணியான பேப் டிட்ரிக்ஸன். பேஸ்பாலிலும் அமெரிக்கன் ஃபுட்பாலிலும் நட்சத்திர அணிக்குப் போன போ ஜாக்ஸன், 1991ல் இடுப்பு எலும்பு போய் ஒரு ஆட்டத்தை விட்டது. இந்த ஆட்டம் எல்லாம் எப்படி ஆடுவார்கள் என்று எனக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. பெயரும் வருஷமும் மட்டும் மனப்பாடம். ரெண்டு ஆட்டம் ஆடினவர்கள் என்றால் சித்தப்பாவுக்கு ஒரு தனி மயக்கம். அந்த வரிசையில் ஒரே ஒரு நம்மூர்க்காரர் துணுக்கும் ஒட்டியிருந்தார். மொத்தம் மூன்று வரி.

க்விஸ் மாஸ்டர் கேட்டது அந்த மூன்று வரியைத்தான். கையில் வந்த ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தை விட்டுவிட்டு கிரிக்கெட் டூருக்குப் போய், அங்கே ஒரு டெஸ்டில்கூட ஆடாமல் திரும்பி வந்த தமிழ்நாட்டுக்காரர் யார்? கேள்வி முடியும் முன்னாலேயே நான் பஸ்ஸரை அழுத்தி எம்.ஜே. கோபாலன் என்றேன். பத்து மார்க். ஹாலே சிரித்தது. எனக்காகக் கை தட்டினவர்கள் கோபாலனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. நானும் சிரித்தேன். பரிசாகக் கிடைத்த சுவர்க் கடிகாரம் இன்னும் ஊரில் எங்கள் வீட்டில் ஓடுகிறது, பத்து நிமிஷம் முன்னாலே.

கணக்கு தீர்ந்தது அடுத்த வருஷம். நான் காலேஜ் வாலிபால் அணியில் செட்டர். 2010 தொடக்கத்தில் மண்டல ஃபைனல் எந்த நாளோ அதே நாளில் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் கேம்பஸ் இன்டர்வியூ. வீட்டு நிலைமை உங்களில் பலருக்குத் தெரியும். பி.டி. சார் ஒன்றுமே சொல்லவில்லை, போய்ட்டு வா என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார். ராத்திரி ரவுண்டானாவில் திருச்சி பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போனேன். வேலை கிடைத்தது. அதாவது, கிடைத்தது என்று ஒரு காகிதம் கிடைத்தது. சேரும் தேதி தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் வரவே இல்லை. இங்கே நம் பையன்கள் கோப்பையை ஜெயித்தார்கள். அந்த போட்டோ பி.டி. சார் அறையில் மாட்டியது. பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், நான் இல்லை. ஹால் டிக்கெட் வாங்கப் போகும்போது அந்த அறையைத் தாண்டத்தான் வேண்டும். தலையைத் திருப்பிக்கொண்டு தாண்டுவேன்.

அன்றையிலிருந்து கோபாலன் எனக்கு ஒரு மாதிரி சொந்தக்காரர் ஆகிவிட்டார். ராசியில்லாதவர்கள் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் உறுப்பினர். பல வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வரிக்கு மேல் அவரைத் தேடிப் படித்தது சமீபத்தில்தான். படித்ததும் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1909 ஜூன் 6, செங்கல்பட்டு ஜில்லாவில் மொரப்பாக்கம் என்ற கிராமம். சென்னையிலிருந்து சுமார் ஐம்பது மைல். பெயரில் இருக்கிற முதல் எழுத்து அந்த ஊர்தான். நாம் இங்கிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினால் அந்த ஜில்லா வழியாகத்தான் போகிறோம். ஏரியும் பனைமரமுமாக ஜன்னலில் ஓடுமே, அந்த மாதிரி ஊர். சின்ன வயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. இதை விதி என்றுதான் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணியில் குடியிருந்தால் ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயில், ஒரு பக்கம் கடற்கரை மணல், நடக்கிற தூரத்தில் சேப்பாக்கம் மைதானம். பந்து பொறுக்கப் போனால்கூட ஆட்டத்தைப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து மெட்ராஸ் கிரிக்கெட்டை ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டுமானால், சேப்பாக்கம் வெள்ளைக்காரர்கள் கிளப்புடையது. இந்தியர்களுக்குத் தனி கிளப் வேண்டும் என்று புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். இந்தியர் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் பொங்கலை ஒட்டி வருஷா வருஷம் பிரசிடென்சி மேட்ச் நடக்கும். பொங்கல் என்றால் நமக்குக் கரும்பும் மாட்டு வண்டியும். திருவல்லிக்கேணிப் பையன்களுக்கு பிரசிடென்சி மேட்ச்.

கோபாலனைக் கண்டுபிடித்தவர் ஒரு வெள்ளைக்காரர், சி.பி. ஜான்ஸ்டன். ஐரோப்பியர் அணியின் முக்கிய ஆட்டக்காரர், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய பதவி. உயரமும் தோளும் வேகமுமாக இருந்த இந்தப் பையனின் பந்துவீச்சைப் பார்த்துத் தன் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். இதைப் படித்தபோது நான் இங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தோர்ப்புக்கு ஆடினதற்குக் காசு வாங்கியதால் பதக்கம் போயிற்று. கோபாலனுக்கு ஆடினதால் சாப்பாடு கிடைத்தது. அன்றைக்கு ராஜா வீட்டுப் பிள்ளைகளும் பெரிய வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும்தான் சம்பாத்தியத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆடலாம். மற்றவனுக்கு ஒரு கம்பெனி வேண்டும், அந்தக் கம்பெனியில் ஆட்டம் தெரிந்த ஒரு மேலதிகாரி வேண்டும். (அந்த பர்மா ஷெல்தான் 1976ல் அரசுடைமையாகி பாரத் பெட்ரோலியம் ஆனது. அந்த மஞ்சள் நீல போர்டைப் பார்த்தால் இனி உங்களுக்கும் கோபாலன் ஞாபகம் வரட்டும்.)

ஹாக்கிக்கு அவரை இழுத்துப் போட்டவர் ராபர்ட் சம்மர்ஹேய்ஸ். கிரிக்கெட்டில் வேகப்பந்து, தேவைப்பட்டால் நன்றாக மட்டையும் வீசுவார். ஹாக்கியில் நடு ஹாஃப். ஹாக்கி ஆடினவர்களைக் கேட்டால் சொல்வார்கள், நடு ஹாஃப் என்பது மூச்சு விட நேரமில்லாத இடம். தாக்குகிற வரிசைக்கும் தடுக்கிற வரிசைக்கும் நடுவில் அந்தக் காலத்தில் எழுபது நிமிஷமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒரே உடம்பு, ரெண்டு ஆட்டத்திலும் நாட்டுக்காக ஆடும் தரம். நம் ஆட்களில் இதற்கு அப்புறம் எத்தனை பேர்? விரலை மடக்கிப் பாருங்கள், ஒரு கை போதும்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. எதிரணித் தலைவர் டக்ளஸ் ஜார்டின், அதற்கு முந்தின சீசனில் ஆஸ்திரேலியாவில் பாடிலைன் பந்துவீச்சால் ரெண்டு நாட்டையும் சண்டைக்கு இழுத்த அதே ஆள். நம் தலைவர் சி.கே. நாயுடு. கோபாலன் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன், ஒரு விக்கெட். மோசம் என்று சொல்ல முடியாது, பிரமாதமும் இல்லை. அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் டெஸ்ட். மெட்ராஸில் நடந்த முதல் டெஸ்ட் மேட்சே அதுதான். சொந்த ஊர், சொந்த மைதானம், வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அணியில் கோபாலன் பெயர் இல்லை.

க்விஸ் கேள்வியில் இது வராது. ஆனால் பின்னால் 1936ல் அவர் செய்த காரியத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதே வருஷம் நவம்பர் 4. இந்தியாவில் மாகாணங்களுக்கிடையே புதிதாக ஒரு போட்டி, பிறகு ரஞ்சி டிராபி என்று பெயர் பெற்றது. முதல் மேட்ச் சேப்பாக்கத்தில், மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தைப் போட்டவர் கோபாலன். இன்றைக்கு வரை லட்சக்கணக்கான பந்து வீசப்பட்டிருக்கும் அந்தப் போட்டியின் கணக்கு அவர் கையிலிருந்து தொடங்குகிறது. அன்று நடந்தது ஒரு கூத்து. மைசூர் 48க்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. ஏ.ஜி. ராம்சிங்குக்கு மட்டும் பதினோரு விக்கெட். காலையில் ஆரம்பித்த மேட்ச் அன்று மாலையே முடிந்தது. இன்னிங்ஸ் வெற்றி, 23 ரன் மிச்சம். மூன்று நாளுக்குச் சாப்பாட்டு ஏற்பாடு செய்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று என் இஞ்சினியர் மூளை யோசிக்கிறது.

1935ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. தலைவர் தயான் சந்த். அந்த அணியில் கோபாலன். மொத்தம் 48 ஆட்டம், ஐந்நூறுக்கு மேல் கோல். படித்துவிட்டு அச்சுப் பிழையோ என்று ரெண்டாவது தடவை பார்த்தேன். பிழை இல்லை, ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து கோலுக்கு மேல். அப்படிப்பட்ட அணியில் மாதக்கணக்காகக் கூடவே ஆடியவர், அடுத்த வருஷம் பெர்லின் ஒலிம்பிக்குக்கு இயல்பாகவே கணக்கில் இருந்தார்.

1936 வசந்தத்தில் ரெண்டு அழைப்பும் ஒன்றாக வந்து நின்றது. ஒரு பக்கம் பெர்லின் அணிக்கான தேர்வு ஆட்டம். இன்னொரு பக்கம் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து. க்விஸ் கேள்வி எழுதுகிறவன் இதைத் தங்கமா தகரமா என்பதுபோல் எழுதுகிறான். அவர் இருந்த இடத்தில் நின்று பாருங்கள். ஹாக்கியில் 1928லும் 1932லும் இந்தியா தங்கம் வாங்கியாயிற்று. மூன்றாவதும் வரும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கோபாலன் போனாலும் வரும், போகாவிட்டாலும் வரும். கிரிக்கெட்டில் இந்தியா அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஜெயித்ததில்லை. அவருக்கோ கல்கத்தாவில் ஒரு மேட்ச், அப்புறம் சொந்த ஊர் மைதானத்தில் கதவு சாத்தப்பட்டது. வயது இருபத்தாறு முடிந்து இருபத்தேழு. ஒரு வேகப்பந்து வீச்சாளனுக்கு அதற்கு மேல் காத்திருக்க முடியாது. வேலை கொடுத்த ஜான்ஸ்டனும் கிரிக்கெட்காரர். அவர் ஏதாவது சொன்னாரா என்றெல்லாம் நான் கற்பனை பண்ணவில்லை. ஆனால் எந்த ஆட்டத்தால் சோறு கிடைத்ததோ அந்த ஆட்டத்தின் பக்கம் கால் போனது எனக்கு அதிசயமாகப் படவில்லை. நானும் பஸ் ஏறினவன்தானே.

கோபாலன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அந்த டூர் மாதிரி ஒரு குளறுபடி இந்தியக் கிரிக்கெட்டில் வந்ததில்லை. தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார், சுருக்கமாக விஸ்ஸி. பணம் உண்டு, செல்வாக்கு உண்டு, டெஸ்ட் தரத்துக்கு ஆட்டம் கிடையாது. அணிக்குள் விஸ்ஸி கட்சி, நாயுடு கட்சி என்று ரெண்டு. முதல் டெஸ்டுக்கு முன்னாலேயே அணியின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான லாலா அமர்நாத்தை ஒழுங்கீனம் என்று சொல்லி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலைச் சாப்பாட்டு மேஜையில் நாயுடுவை எல்லார் முன்னாலும் அவமதித்ததற்குப் பரிசாகத்தான் பாகா ஜிலானிக்குக் கடைசி டெஸ்டில் இடம் கிடைத்தது என்று ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது. மூன்று டெஸ்டில் இரண்டு தோல்வி, ஒன்று டிரா.

மூன்றிலும் கோபாலன் ஆடவில்லை.

சரி, அரசியலால்தான் அவர் உட்கார வைக்கப்பட்டார் என்று நானும் முதலில் கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். நியாயமாகப் பார்த்தால் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே வேகப்பந்து இடத்துக்கு முகமது நிசார் இருந்தார், அமர் சிங் இருந்தார். அந்தக் காலத்தில் உலகத்தில் எந்த அணியிலும் இடம் கிடைத்திருக்கக்கூடிய ஜோடி. மூன்றாவது ஆளாகக் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஜஹாங்கீர் கான். அவர் அந்த ஜூலையில் கேம்பிரிட்ஜுக்காக லார்ட்ஸில் போட்ட ஒரு பந்து பறந்துபோன சிட்டுக்குருவியை அடித்துக் கொன்றது. அந்தக் குருவியைப் பாடம் பண்ணி லார்ட்ஸ் மியூசியத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா நோட்டில் குருவிக்கு ஆறு வரி, கோபாலனுக்கு மூன்று வரி. இதுதான் துணுக்கு உலகத்தின் நீதி.

அந்தக் கப்பலில் இன்னொரு ரெண்டாட்டக்காரரும் இருந்தார். அவரைச் சொல்லாமல் போனால் சித்தப்பா மன்னிக்க மாட்டார். கோட்டா ராமசாமி, மேலே சொன்ன புச்சிபாபுவின் மகன். 1922ல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடியவர், பிறகு விவசாய இலாகாவில் அதிகாரி. 1936ல் அவருக்கு வயது நாற்பது. அந்த வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட்: 40, 60. அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. சராசரி 56க்கு மேல். அத்தோடு சரி, டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. 1985 அக்டோபரில் எண்பத்தொன்பது வயதில் சென்னையில் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. எங்கே போனார், என்ன ஆனார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கிரிக்கெட் புத்தகங்கள் இறந்த தேதி போட முடியாமல் தவித்த மனிதர். ஒரே ஊரிலிருந்து போன ரெண்டு பேர். ஒருவருக்கு நாற்பதில் கதவு திறந்தது, ஒருவருக்கு இருபத்தேழில் திறக்கவில்லை. இதில் யார் ராசிக்காரர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது ஒரு தேதி சொல்கிறேன். 1936 ஆகஸ்ட் 15. அன்றைக்கு அது சுதந்திர தினம் இல்லை, சாதாரண சனிக்கிழமை. ஹாக்கி ஃபைனல் முந்தின நாளே நடந்திருக்க வேண்டியது; மழையால் தள்ளிப் போய் அன்று பெர்லினில் நடந்தது. இந்தியா 8, ஜெர்மனி 1. இரண்டாம் பாதியில் தயான் சந்த் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஈரத் தரையில் ஓடினார் என்பார்கள். அதே நாள், அதே சனிக்கிழமை, லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. ஜிலானி ஆடினார். வால்டர் ஹாமண்ட் நம்மவர்களைப் போட்டு அடித்து 217 எடுத்த மேட்ச் அது. கோபாலன் ஆடவில்லை. போன வருஷம் நியூசிலாந்தில் கூடவே ஓடிய தோழர்கள் பெர்லினில் மேடை ஏறும் நேரத்தில், இவர் லண்டனில் ஆடாத ஆள்.

இந்தத் தேதிகள் ரெண்டும் ஒன்று என்று கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்? எப்போது செய்தி தெரிந்திருக்கும்? சந்தோஷப்பட்டாரா, எழுந்து தனியாகப் போய் நின்றாரா? எதையும் நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது என் விஷயம் மட்டும்தான். 2010ல் கோப்பை ஜெயித்த செய்தி எனக்கு சென்னையில் எஸ்.எம்.எஸ்ஸில் வந்தது. கோயம்பேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, எதற்காக என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல வராது.

என் மூன்று வரி இங்கே முடிந்துவிடும். மனிதர் முடியவில்லை. இதுதான் நான் பல வருஷம் கவனிக்காமல் விட்டது.

இங்கிலாந்திலிருந்து வந்தவர் மூலையில் உட்காரவில்லை. மெட்ராஸுக்காகத் தொடர்ந்து ஆடினார், அணித் தலைவராகவும் இருந்தார். முதல் பந்து போட்ட அந்த ரஞ்சி டிராபியில் 1950களின் தொடக்கம் வரை அவர் பெயர் வருகிறது. நாற்பது வயது தாண்டி! முதல் தர ஆட்டத்தில் கிட்டத்தட்ட 200 விக்கெட். இன்னொரு டெஸ்ட் கிடைக்கவில்லை. அதற்காக ஆட்டத்தை விடவும் இல்லை. இரண்டாம் உலக யுத்தம் வந்தது, வெள்ளைக்காரன் போனான், பிரசிடென்சி மேட்ச் தானாகவே அர்த்தம் இழந்து நின்றது. கால் நூற்றாண்டு ஆடிய கோபாலனைக் கௌரவிக்க அப்போது ஒரு காரியம் செய்தார்கள். மெட்ராஸுக்கும் சிலோனுக்கும் இடையில் ஒரு கோப்பை, அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில்: கோபாலன் டிராபி. 1952–53ல் தொடங்கியது.

இந்தக் கோப்பையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை. அப்போது சிலோன் டெஸ்ட் நாடு இல்லை. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கப்பலில் போகிற வழியில் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு முறை நல்ல எதிரியோடு முழு மேட்ச் ஆட அவர்களுக்கு இருந்த கொஞ்ச வாய்ப்புகளில் கோபாலன் டிராபி ஒன்று. ஒரு வருஷம் சென்னை, இன்னொரு வருஷம் கொழும்பு என்று நடுநடுவே விட்டும் தொட்டும் சுமார் முப்பது வருஷம் நடந்தது. 1981ல் இலங்கை டெஸ்ட் நாடு ஆனது. அதற்கு முன்னால் அந்தத் தீவில் வளர்ந்த எத்தனையோ ஆட்டக்காரர்கள் மொரப்பாக்கத்துக்காரர் பெயர் போட்ட கோப்பைக்காக ஓடியிருக்கிறார்கள். ஒலிம்பிக் தங்கம் வாங்கின எத்தனை பேருக்கு இது வாய்த்தது?

இதையே ஆறுதல் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தங்கம் தங்கம்தான். பெர்லின் போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், அதை மறுக்க நான் யார்.

1950களில் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் கோபாலன் உட்கார்ந்தார். சேப்பாக்கத்தில் தன் பெயர் இல்லாத பட்டியலைப் படித்தவர், அடுத்த தலைமுறைக்குப் பட்டியல் எழுதும் இடத்துக்கு வந்தார். 1964ல் பத்மஸ்ரீ. அப்புறம் நீண்ட முதுமை.

ஜிம் தோர்ப் கதைக்கு வருகிறேன். அவர் 1953ல் வறுமையில் செத்துப் போனார். அவருடைய தங்கத்தைத் திருப்பித் தருவதாக ஒலிம்பிக் கமிட்டி முடிவு செய்தது 1982ல், அதுவும் வேறொருவரோடு பங்கு போட்டு. முழுசாக அவர்தான் முதல் என்று எழுதியது 2022ல். பிடுங்கிய பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். போகாத ஊருக்கு யார் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? கோபாலன் அப்படி எதையும் கேட்டுக்கொண்டு அலைந்ததாக நான் படித்தவற்றில் இல்லை.

2003 அக்டோபர் கடைசி நாள் நியூசிலாந்தில் லிண்ட்ஸே வெயர் என்ற பழைய டெஸ்ட் ஆட்டக்காரர் காலமானார். அந்த நிமிஷத்திலிருந்து உலகத்தில் உயிரோடு இருந்த டெஸ்ட் கிரிக்கெட்டர்களில் மூத்தவர் எம்.ஜே. கோபாலன். ஒரே ஒரு டெஸ்ட், 18 ரன், ஒரு விக்கெட். பிராட்மன், ஹாமண்ட், ஜார்டின், நாயுடு எல்லாரும் போய்விட்டார்கள், அந்த ஜிலானி 1941லேயே போய்விட்டார், இவர் சென்னையில் இருக்கிறார். ஏழு வாரம் அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது. டிசம்பர் 21 அன்று காலமானார். வயது 94.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1936 ஆகஸ்ட் 15க்கு அப்புறம் அவர் அறுபத்தேழு வருஷம் வாழ்ந்திருக்கிறார். நான் அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் வைத்துக்கொண்டு அவரை என் சங்கத்துக்குத் தலைவர் ஆக்கியிருந்தேன், அவரைக் கேட்காமலே.

போன மாதம் மலர் வேலையாகக் காலேஜுக்கு வந்தபோது பி.டி. சார் அறைக்குள் போனேன். சார் ரிட்டயர் ஆகிவிட்டார், அறை இருக்கிறது. 2010 போட்டோவும் இருக்கிறது, கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் இடத்தில் செட்டராக ஆடிய ஜூனியர் பையன் ஓரத்தில் நிற்கிறான், ஜெர்சி ரெண்டு சைஸ் பெரிசு. அது என் ஜெர்சி. முந்தின ராத்திரி பஸ் ஏறும் முன்னால் நான்தான் கழற்றிக் கொடுத்தேன். அதுகூட மறந்து போயிருந்தது. புது பி.டி. சாரிடம் சொல்லிவிட்டு கரையானுக்கு மருந்து அடித்து, கண்ணாடியும் மாற்றி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். சங்கமத்துக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள்.

இந்த வருஷம் சங்கமத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் க்விஸ் நடத்தச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஒலிம்பிக் கேள்வியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ரஞ்சி டிராபியின் முதல் பந்தைப் போட்டது யார் என்று எழுதி வைத்திருந்தேன். மலரை முன்னாலேயே கையில் கொடுத்துவிடுவார்கள் என்று செயலாளர் நேற்றுதான் சொன்னார். வேறு கேள்வி தேடிக்கொண்டிருக்கிறேன்.